கோல்ன் கச்சேரி: சுருதி சேராத பியானோவா?

அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டின் ‘தி கோல்ன் கான்செர்ட்’ என்ற கச்சேரி இசைத்தட்டு சுருதி சேராத, உடைந்த பியானோவில் வாசித்தது, யாரோ தற்செயலாகப் பதிவு செய்தது என்று ஒரு செய்தி சுற்றுகிறது. பாதிதான் சரி.

1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கோல்ன் நகர ஓபரா அரங்கில் மேடைக்கு வந்தது தவறான பியானோதான்: ஒத்திகைக்கு வைத்திருந்த சின்ன பியானோ. மேல் ஸ்தாயி தகரம் போல ஒலித்தது, கீழ் ஸ்தாயியில் கனமில்லை, பெடலும் தகராறு. ஆனால் கச்சேரிக்கு முன் பல மணி நேரம் உட்கார்ந்து சுருதி சேர்த்தார்கள். அந்த உழைப்பை இந்தச் செய்தி விழுங்கிவிடுகிறது. ஜாரெட் நடுக்கட்டைகளிலேயே சுற்றிவந்து, இடது கையில் ஒரே தாளக்கோவையைத் திரும்பத் திரும்ப உருட்டுவதைக் கேட்டாலே, அந்தப் பியானோவின் குறைகளை எப்படிச் சமாளித்தார் என்பது புரியும்.

அப்புறம், பதிவு தற்செயல் இல்லை. இசைத்தட்டை வெளியிட்ட இசிஎம் (ECM) நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் முன்பே மைக்குகளுடன் தயாராக இருந்தார்.