மெரிக்வில்லை உருவாக்கியது கோட்டையல்ல, ஆலை

கோடையில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள ரிடோ கால்வாய்க் கரைக்குச் செல்லும் நம்மவர்கள், அதன் கரையிலுள்ள மெரிக்வில் என்ற ஊரில் இறங்கினால், பெரும்பாலும் காவல் கோட்டையின் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கீழே கனத்த கற்சுவர், மேலே சற்று வெளியே நீண்டிருக்கும் மரத்தளம் என்று பார்க்க அழகான கட்டடம் அது. ஆனால் அமெரிக்கப் படையெடுப்புக்கு அஞ்சி 1832ஐ ஒட்டிக் கட்டப்பட்ட அந்தக் கோட்டை ஒரு போரையும் கண்டதில்லை. அது எழும்பியபோது ஊருக்கு ஏறத்தாழ நாற்பது வயதாகியிருந்தது. ஊர் பிறந்த கதையைத் தேடுகிறவர்கள் ஆற்றோரம் கூரையிழந்து நிற்கும் ஆலைச் சுவர்களிடம் போக வேண்டும். அவற்றைப் பாராமல் திரும்புகிறவர்கள் மெரிக்வில்லைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது என்பதே என் கருத்து.

அமெரிக்கப் புரட்சிக்குப் பின் பிரித்தானிய முடியாட்சிக்கு விசுவாசமாக இருந்தவர்கள் வடக்கே வந்தபோது, அவர்களுள் ஒருவராக வந்தவர் மசாசூசெற்ஸைச் சேர்ந்த ஆலைத் தச்சர் வில்லியம் மெரிக். ரிடோ ஆறு சரிந்து விழும் இடத்தில் ரோஜர் ஸ்டீவன்ஸ் என்பவருக்கு உரிய மரம் அறுக்கும் ஆலை 1793இல் அவர் கைக்கு வந்தது. அப்போது அந்த நிலம் ஆளற்ற காடாக இருந்தது என்று எழுதுவது பொய். 1783இல் பிரித்தானியர் பூர்வகுடியினரான மிசிசாகா மக்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் காட்டியே நிலம் பங்கிடப்பட்டது. ரிடோ படுகையைத் தம் மண்ணாகக் கொண்டிருந்த இன்னொரு பூர்வகுடியினரான அல்கொங்குவின் மக்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. அவர்களுடைய உரிமைக் கோரிக்கை இன்றளவும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

மரம் அறுக்கும் ஆலையை அடுத்துத் தானியம் அரைக்கும் ஆலையும், கம்பளி மயிரைச் சிக்கெடுக்கும் ஆலையும் வந்தன. ஊருக்கே மெரிக்கின் ஆலைகள் என்று பெயர் வழங்கியது. அரவை ஆலை ஒரு குடியேற்றத்துக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை அக்காலச் சட்டமே காட்டுகிறது. மேல் கனடாவின், அதாவது இன்றைய தெற்கு ஒன்ராறியோவின், முதல் சட்டமன்றம் 1792இல், ஆலைக்காரர் அரைக்கும் தானியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் கூலியாக எடுக்கக் கூடாது என்று வரையறுத்தது. சாலை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத காட்டில் மூட்டையோடு வந்த உழவர், தம் முறை வரும்வரை காத்திருந்தாக வேண்டும். காத்திருப்பவருக்குச் சோறும் படுக்கையும் வேண்டும், குதிரைக்கு லாடம் வேண்டும், வீட்டுக்கு உப்பும் ஆணியும் தேயிலையும் வேண்டும். இத்தகைய ஊர்களில் சத்திரமும் கொல்லன் பட்டறையும் பலசரக்குக் கடையும் ஆலையைச் சுற்றியே முளைத்ததற்கு அந்தக் காத்திருப்பே முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன்.

அந்தக் கடைக்காரருக்குக் கொடுக்க உழவரிடம் காசு இருந்ததா என்றால், அநேகமாக இல்லை. நிலத்தைத் திருத்த வெட்டிய மரங்களின் சாம்பல்தான் மேல் கனடாவின் குடியேறிகள் பலருக்கு முதல் பணப்பயிர். மேப்பிள், எல்ம் போன்ற மரங்களை எரித்து, சாம்பலைப் பீப்பாயில் கொட்டித் தண்ணீர் ஊற்றி, அடியில் வடியும் காரநீரை இரும்புக் கொப்பரையில் வற்றும்வரை காய்ச்சினால் பொட்டாஷ் கிடைக்கும். அது மொன்றியல் வழியாக இங்கிலாந்தின் சவர்க்கார, கண்ணாடித் தொழிற்சாலைகளுக்குப் போயிற்று. கடைக்காரர் சாம்பலை வரவு வைத்துச் சரக்கைக் கடனாகக் கொடுத்தார். காட்டை அழித்த கையோடு, அந்த அழிவிலிருந்தே அடுத்த பருவத்துக்கான விதையையும் தேட வேண்டியிருந்த வாழ்க்கை அது. இதை அறியும்போது அந்த மனிதர்கள் மேல் எனக்கு மதிப்பும், அழிந்த காட்டை எண்ணித் துயரமும் ஒருசேர எழுகின்றன.

லெப்டினன்ட் கேணல் ஜோன் பை தலைமையில் 1826 முதல் 1832 வரை வெட்டப்பட்ட 202 கிலோமீற்றர் கால்வாய், ஒட்டாவாவையும் கிங்ஸ்ரனையும் இணைத்து இந்த ஊருக்குப் பெரிய சந்தையைத் திறந்துவிட்டது. அதை வெட்டியவர்களில் பலர் ஐரிஷ் கூலிகளும் பிரெஞ்சுக் கனடியரும். நூற்றுக்கணக்கானோர் மலேரியாக் காய்ச்சலில் மாண்டார்கள். படகுகளை ஏற்றி இறக்கும் ஊரின் மூன்று மதகுகளும் இன்றைக்கும் கையால் சுற்றித்தான் திறக்கப்படுகின்றன. அந்தச் சக்கரத்தைச் சுற்றும் பணியாளரைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு, அந்த வாய்க்காலைத் தோண்டியவர்களைப் பற்றியும் பெற்றோர் சொல்ல வேண்டும்.

1860இல் மெரிக்வில் சட்டப்படி கிராமமாயிற்று. அதையொட்டிய ஆண்டுகளில் சாமுவேல் ஜேக்ஸின் மூன்று மாடிக் கற்கடை எழுந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1859இல், பிறொக்வில்லிலிருந்து வடக்கே போன ரயில் பாதை ஸ்மித்ஸ் ஃபோல்ஸ் வழியாகப் போய்விட்டது. வணிகமும் அங்கே நகர்ந்தது. கலப்பையும் அடுப்பும் வார்த்த பெர்சிவல் வார்ப்பாலை போன்றவை ஊருக்குத் தொடர்ந்து வேலை கொடுத்தாலும், நகரமாக வளரும் வாய்ப்பு திரும்பி வரவில்லை. பழைய கடைகளை இடித்துப் பெரிதாகக் கட்ட வேண்டிய தேவையும் எழவில்லை. செயின்ற் லோரன்ஸ் தெருவின் கற்கட்டடங்கள் பிழைத்தது அதனால்தான். இன்று அவற்றில் கைவினைக் கடைகளும் உணவகங்களும் நடத்துகிறவர்களை நான் குறை கூறவில்லை. தம்மிடம் வரும் பார்வையாளர்களை ஆலைச் சுவர்களுக்கும் அவர்கள் வழிகாட்டி அனுப்பினால், கடைத்தெரு எதனால் அங்கே வந்தது என்பது வருகிறவர்களுக்கு விளங்கும்.