அஸ்காரியை 26 என்ற எண்ணுக்குள் அடைக்காதீர்கள்

மே 26 வந்தால் போதும், கார் பந்தயப் பக்கங்களில் அதே பதிவு சுற்ற ஆரம்பித்துவிடும். இத்தாலியக் கார் பந்தய வீரர்களான அப்பா, மகன் கதை: அப்பா அந்தோனியோ அஸ்காரி இறந்தது 26-ஆம் தேதி, மகன் அல்பெர்தோ இறந்ததும் 26-ஆம் தேதி, இருவருக்கும் வயது 36. கீழே ஒரு மண்டை ஓட்டுப் படம். தகவலில் பொய் இல்லை. அப்பா 1925 ஜூலையில், பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது போனார். மகனுக்கு ஏழு வயது முடிந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. ஆனால் 1952, 1953 என இரண்டு முறை ஃபார்முலா ஒன் உலக சாம்பியனான அல்பெர்தோவைப் பற்றி நாம் பேசுவதற்கு அவர் இறந்த தேதியை விட்டால் வேறு எதுவுமே இல்லையா?

நிறைய இருக்கிறது. மிலானில் பிறந்தவர், முதலில் ஓட்டியது பியாங்கி மோட்டார் சைக்கிள். 1940-இல் மில்லே மிலியா என்ற இத்தாலிய நெடுஞ்சாலைப் பந்தயத்துக்கு, பின்னாளில் ஃபெராரி அணியின் முதலாளியான என்ட்ஸோ ஃபெராரி தன் முதல் காரைக் கட்டினார். ஆல்ஃபா ரோமியோவை விட்டு வந்தபோது போட்ட ஒப்பந்தத்தால் காருக்குத் தன் பெயரை வைக்க முடியாமல், 815 என்று ஒரு எண்ணை வைத்தார். அந்தக் காரில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் இருபத்தோரு வயது அஸ்காரி. கார் பாதியில் நின்றுவிட்டது, அது வேறு விஷயம். போர்க்காலத்தில் லூயிஜி வில்லோரெசியோடு சேர்ந்து வட ஆப்பிரிக்காவில் இருந்த இத்தாலிய ராணுவத்துக்கு எரிபொருள் அனுப்பும் தொழில். ஒன்பது வயது மூத்த வில்லோரெசிதான் அவருக்கு அண்ணன், வாத்தியார் எல்லாம்.

சரி, சாதனைக்கு வருவோம். 1952-இல் பெல்ஜியத்தில் தொடங்கி 1953 பெல்ஜியம் வரை, பட்டக் கணக்கில் பெயருக்குச் சேர்ந்திருந்த அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், உலக சாம்பியன்ஷிப்பில் தொடர்ந்து ஒன்பது வெற்றி. அறுபது வருஷம் கழித்து 2013-இல் ஜெர்மன் வீரர் செபாஸ்டியன் வெட்டல்தான் அந்த எண்ணைத் தொட்டார். மொத்தம் 32 பந்தயத்தில் 13 வெற்றி. அவருக்குப் பிறகு, 2025 சீசன் முடியும்வரை, ஒரு இத்தாலியர்கூட உலகப் பட்டம் வாங்கவில்லை. ஃபெராரி பிறந்த நாட்டில்!

உடனே ஒரு கூட்டம் கிளம்பும்: "அந்த இரண்டு வருஷமும் சிறிய எஞ்சின் கார்களுக்கான ஃபார்முலா டூ விதிதானே, ஆல்ஃபா ரோமியோ அணி விலகிவிட்டது, 1952-இல் முந்தைய சாம்பியன் அர்ஜென்டினாவின் ஃபாங்கியோ கழுத்து முறிந்து படுத்திருந்தார், போட்டியே இல்லை." பாதி நியாயம். 1952 விஷயத்தில் நானும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன். ஆனால் 1953-இல் ஃபாங்கியோ மசெராட்டி அணியோடு திரும்பி வந்திருந்தார். அதற்கு முன்பே, 1951-இல், 4.5 லிட்டர் ஃபெராரியில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கிலும் இத்தாலியின் மோன்சாவிலும் ஆல்ஃபாக்களைத் தோற்கடித்தவர் அஸ்காரி. அந்த வருஷப் பட்டம் போனதற்குக் காரணம் பார்சிலோனாவில் ஃபெராரி அணி செய்த டயர் தேர்வு. சின்ன சக்கரம் போட்டார்கள், டயர் உரிந்து உரிந்து வந்தது, ஃபாங்கியோ ஜெயித்தார்.

என்ட்ஸோ ஃபெராரி இவரைப் பற்றிச் சொன்னது பிரபலம்: முன்னால் போய்விட்டால் பிடிக்கவே முடியாது, பின்னால் இருந்து துரத்த வேண்டியிருந்தால் அந்த வேகம் இருக்காது என்று. 1953 மோன்சாவை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். கடைசிச் சுற்று, கடைசி வளைவு, நெருக்கியடித்து வந்த கூட்டத்தில் அஸ்காரி சுழன்றுவிட, ஃபாங்கியோ தட்டிக்கொண்டு போனார். ஆனால் அதே வருஷம், அதற்கு முந்தைய பந்தயமான ஸ்விட்சர்லாந்தை யாரும் பேசுவதில்லை. பிளக் மாற்ற நின்றதில் நான்காம் இடத்துக்கு விழுந்தவர், இருக்கிற வரிசையிலேயே ஓட்டுங்கள் என்று அணி காட்டிய பலகையைக் கண்டுகொள்ளாமல் சக ஃபெராரிகளையே முந்தி ஜெயித்தார். பட்டமும் அங்கேயே உறுதியானது. முதலாளி சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை.

சகுனம் பார்ப்பார், உண்மைதான். கறுப்புப் பூனையைக் கண்டால் ஆகாது. நீல ஹெல்மெட் இல்லாமல் ஓட்டமாட்டார். தன் பெட்டியை யாரையும் தொடவிடமாட்டார். தான் இல்லாமல் போனால் பிள்ளைகள் தாங்க வேண்டுமே என்று அவர்களிடம் வேண்டுமென்றே கொஞ்சம் கண்டிப்பாக இருந்ததாகவும் சொல்வார்கள். ஏழு வயதில் அப்பாவைப் பறிகொடுத்தவர் அப்படி யோசித்தால் அதை மூடநம்பிக்கைக் கணக்கில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

1955 மே 22, மொனாக்கோ. ஸ்டிர்லிங் மாஸின் மெர்சிடிஸ் எஞ்சின் புகைந்து நின்ற நேரம், முதலிடம் அஸ்காரியின் கைக்கு வரப்போகிறது. துறைமுகத்தை ஒட்டிய வளைவில், அப்போது அவர் ஓட்டிய லான்சியா அணியின் டி50 கார் வைக்கோல் கட்டுகளை உடைத்துக்கொண்டு நேரே கடலில். சில நொடிகளில் ஹெல்மெட் மேலே வந்தது, நீந்திப் போய்ப் படகைப் பிடித்தார். மூக்கில் அடி, அவ்வளவுதான்.

நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை, நண்பர் காஸ்தெல்லோத்தி ஃபெராரி ஓட்டிப் பார்ப்பதை வேடிக்கை பார்க்க மோன்சாவுக்குப் போனார். திடீரென்று நானும் சில சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். கழுத்தில் டை, தலையில் காஸ்தெல்லோத்தியின் வெள்ளை ஹெல்மெட். மூன்றாவது சுற்றில் கார் புரண்டு, அவர் வெளியே தூக்கி எறியப்பட்டார். சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. எதனால் என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

26 கணக்குப் போடுகிறவர்கள் கவனிக்காத ஒன்று: அந்தக் காலத்தில் சீட் பெல்ட் போட்டு ஓட்டும் வழக்கமே கிடையாது. மொனாக்கோவில் தண்ணீருக்குள் போன காரிலிருந்து சட்டென்று வெளியே வர முடிந்ததும் அதனால்தான், மோன்சாவில் வெளியே எறியப்பட்டதும் அதனால்தான். ஹெல்மெட்டின் நிறத்தைவிட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பணமில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்த லான்சியா, அதன் பிறகு பந்தயத்தையே விட்டது. கார்கள் ஃபெராரி வசம் போயின. அந்த டி50-ஐ மாற்றியமைத்து ஓட்டித்தான் 1956-இல் ஃபாங்கியோ நான்காவது பட்டம் வாங்கினார். 1954 அக்டோபரில் அந்தக் காரின் முதல் பந்தயத்திலேயே, கிளட்ச் போவதற்குள், போல் பொசிஷனும் (முதல் ஆளாகக் கிளம்பும் இடம்) அதிவேகச் சுற்றும் எடுத்துக் காட்டியவர் அஸ்காரி. ஆகவே 1956 பட்டத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் வாதம். ஃபாங்கியோ ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், நான் தயார்.