நிற்பாட்டச் சொன்னீர்கள், சரி. பழியையும் நாங்களே சுமக்க வேண்டுமா?

2025 சித்திரை விடுமுறைக்குச் சோலார் பனலை நிற்பாட்டச் சொன்ன இலங்கை மின்சார சபையின் அறிவித்தலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஏப்ரல் 13 முதல் 21 வரை, தினமும் பிற்பகல் 3 மணி வரை, கூரையில் சோலார் போட்டவர்கள் தாமாக நிற்பாட்டி உதவ வேண்டுமாம். 3 மணிக்குப் பிறகு போடலாம். அந்த நேரத்தில் என் கூரையில் பாதிக்குப் பக்கத்து வளவுத் தென்னையின் நிழல் விழுந்திருக்கும், அது வேறு கதை. எனக்கு எரிச்சல் வந்தது அறிவித்தலால் அல்ல, அதன் கீழே வந்த கொமெண்டுகளால். "இவங்களாலதான் பெப்ரவரியில நாடே இருண்டது" என்கிறார் ஒருவர். அதற்கு எத்தனை லைக்!

பனல் போட்டவன் குற்றவாளி இல்லை. போடச் சொன்னார்கள், போட்டோம். 2016 இல் 'சூரிய பல சங்கிராமய' (சூரிய சக்திப் போராட்டம்) என்று பெயர் வைத்து, கூரையில் பனல் போடக் கூப்பிட்டதே அரசாங்கம்தான். 2022 மார்ச் கடைசியில், எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது யாரும் எங்களைத் திட்டவில்லை. வெயிலுக்கு டொலர் கட்டத் தேவையில்லை என்று ஊரெல்லாம் பொருளாதாரம் பேசியது.

நாடு முழுக்கக் கரண்ட் போன 2025 பெப்ரவரி 9 க்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று எரிசக்தி அமைச்சரே சொன்னார். பிறகு குரங்கு மெல்லக் கழன்றுகொள்ள, 'பகலில் சோலார் கூடிப்போச்சு' என்ற கதை முன்னுக்கு வந்துவிட்டது. அன்று எங்கள் வீட்டில் வெயில் கொளுத்துகிறது, கூரை முழுக்கப் பனல், உள்ளே ஃபான் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, உங்களுக்கும் இல்லையோ?" என்றா. லைனில் கரண்ட் இல்லாவிட்டால், பனல் மின்சாரத்தை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், இல்லையென்றால் கம்பத்தில் ஏறித் திருத்துகிறவருக்கு எங்கள் கூரையிலிருந்து ஷொக் அடிக்கும் என்று விளங்கப்படுத்தினேன். "அப்ப ஏன் காசைச் செலவழிச்சுப் போட்டனீங்கள்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டா. நாட்டையே இருட்டாக்கியவர்களின் வீட்டு நிலைமை அன்றைக்கு இதுதான்.

பொறியியலாளர்கள் சொல்வதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. விடுமுறையில் தொழிற்சாலைகள் பூட்டு, மின்தேவை விழுகிறது, வெயிலுக்கு மட்டும் விடுமுறை இல்லை. மின்நிலையங்களில் சுழல்கிற பெரிய இயந்திரங்கள் குறைந்தால் மின்சாரத்தின் அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸில் பிடித்து வைக்க ஆள் இல்லை, ஒரு சின்ன அடியையும் வலையமைப்பு தாங்காது. தீவு என்பதால் சாய்ந்துகொள்ள இந்தியாவோடு கம்பித் தொடர்பும் இல்லை. எங்கள் சின்ன இன்வெர்ட்டர்களைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து நிற்பாட்ட வழி இல்லாததால்தான் எங்களிடமே கேட்கிறார்கள். எல்லாம் விளங்குகிறது. ஆனால் சித்திரைப் புத்தாண்டு திடீரென்று வந்ததா? பஞ்சாங்கத்தில் இல்லையா? கூரை கூரையாக அனுமதி கொடுத்து, மீற்றர் பூட்டி, கையெழுத்து வாங்கியபோது பகலில் வெயில் அடிக்கும் என்று தெரியாதா? பகலில் மிஞ்சுவதைச் சேமித்து வைக்கப் போதிய பற்றரி இல்லை. மாலை 6.30 இலிருந்து 10.30 வரை உச்சத் தேவை, அதற்கு எண்ணெயை எரிக்கிறோம். பகலில் வெயிலை வேண்டாம் என்றுவிட்டு இரவில் டொலரைக் கொளுத்துவது பனல்காரனின் திட்டம் இல்லை ஐயா.

"நீங்கள் வசதியான ஆட்கள், மின்சார சபைக்கு யூனிற் 37 ரூபாய்க்கு விற்கிறீர்கள், அது ஏழையின் பில்லில் ஏறுகிறது" என்று வருவார்கள். வந்துவிட்டார்கள். என் சித்தப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். 2017 இல் வங்கிக் கடன் எடுத்துப் போட்டவர். அவருடைய ஒப்பந்தம் முதல் 7 வருடத்துக்கு யூனிற்றுக்கு 22 ரூபாய், அதன்பிறகு 15.50. 2024 ஓடு 22 முடிந்துவிட்டது. 37 அவருக்குக் கிடைத்ததே இல்லை. காலையில் தேத்தண்ணியோடு போய் இன்வெர்ட்டர் திரையைப் பார்த்து, நேற்று எத்தனை யூனிற் என்று கொப்பியில் எழுதி வைக்கிற மனிதர் அவர். பனல் இல்லாதவரின் பில்லைப் பற்றிய கேள்வி நியாயமானதுதான், அதை விலையைத் தீர்மானிக்கிறவர்களிடம் கேளுங்கள். முதலில் 22 என்றதும், பிறகு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 37 என்றதும், அதன்பிறகு 27 என்றதும் சித்தப்பா இல்லை.

"சில நாள்தானே, நிற்பாட்டினால் என்ன?" என்பவர்கள் தங்கள் சம்பளத்தில் அந்தச் சில நாளைக் கழிக்கச் சொல்லிவிட்டு வந்து பேசலாம்.

சொன்னதைக் கேட்டவன் இந்த நாட்டில் எப்போது உருப்பட்டான்? 2021 இல் திடீரென்று இரசாயன உரம் கூடாது என்றார்கள், அதே வருடம் நவம்பரில் கூடும் என்றார்கள். இடையில் வயலில் நின்றவனுக்கு யார் பதில் சொன்னது? இப்போது கூரையின் முறை.

நான் நிற்பாட்டுவேன். நாடு இருண்டால் எனக்கும்தான் இருட்டு. ஆனால் அந்த நாட்களின் வருமானத்துக்குப் பதிலாக வங்கி தவணையில் ஏதும் குறைக்குமா என்று எந்த அறிவித்தலிலும் நான் காணவில்லை. அப்புறம், அந்தக் கொமெண்டுக்கு லைக் போட்டவர்களில் சிலர் என் நண்பர் பட்டியலிலேயே இருக்கிறீர்கள். அதில் ஒருவர் 2022 இல் வீட்டுக்கே வந்து, எத்தனை பனல், எவ்வளவு முடிந்தது, எந்த வங்கியில் கடன் என்று துருவித் துருவி விசாரித்துவிட்டுப் போனவர். பெயர் போடவில்லை.