மக்கும் பெட்டி எங்கே போய் எரிகிறது?

எங்கள் ஊர்ப் பக்கம் சின்னதாக டிபன் கடை நடத்தும் அண்ணன் ஒருவர், போன வாரம் சாம்பார் சாதத்தைக் கரும்புச் சக்கைப் பெட்டியில் கட்டிக்கொண்டே சொன்னார்: "தெர்மாகோல் பெட்டியைவிட இதுக்கு விலை ஜாஸ்தி தம்பி. ஆனா மண்ணுல மக்கிடும்ல, போகட்டும்." எனக்கு மனசு கேட்கவில்லை. அது மண்ணுக்கே போவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

நான் இருப்பது அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், எசெக்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி). அந்தக் கடைக் குப்பைக்கு ஒரே வண்டிதான். மக்கும் பெட்டியையும் மீந்த சோற்றையும் தனியாக எடுத்துப்போக யாரும் வருவதில்லை. எல்லாம் சேர்ந்து நியூவார்க் நகரத்தின் அயர்ன்பவுண்டு பகுதியில் இருக்கும் எரியுலைக்குப் போகிறது. 1990-லிருந்து ஓடும் உலை அது. நாளுக்கு 2,800 டன் வரை எரிக்கும். நியூயார்க் நகரத்துக் குப்பையும் அங்கே வருகிறது.

அயர்ன்பவுண்டில் பெரும்பாலும் பிரேசில், ஈக்வடார், போர்ச்சுகலில் இருந்து வந்த உழைக்கும் குடும்பங்கள். நியூவார்க் முழுவதையும் எடுத்தால் கறுப்பின மக்களும் லத்தீனோ மக்களும்தான் மிகப் பெரும்பான்மை. வியட்நாம் போரில் காடுகளை அழிக்கத் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியைத் தயாரித்த ஆலை ஒன்று இதே பகுதியில், லிஸ்டர் அவென்யூவில் இருந்தது. அதன் டையாக்சின் நஞ்சு பசாயிக் ஆற்றின் அடிச்சேற்றில் இன்னும் கிடக்கிறது. போதாததற்குத் துறைமுக லாரிகள், தலைக்கு மேல் விமானங்கள். அங்கே வளரும் குழந்தைக்கு மூச்சிரைப்பு வந்தால் அதைத் தற்செயல் என்று எப்படிச் சொல்வது?

2020 செப்டம்பர் 18-ல் ஆளுநர் பில் மர்ஃபி சுற்றுச்சூழல் நீதிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் சிறுபான்மை இனத்தவர் வாழும் பகுதிகளில் எரியுலை மாதிரியான ஒன்று புதிதாக வருவதென்றால், ஏற்கெனவே அங்குள்ள மாசையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மற்ற பகுதிகளைவிட மாசுச் சுமை கூடுமென்றால், அந்த மக்களுக்குத் தவிர்க்க முடியாத பொதுத் தேவை இருந்தாலொழிய, அனுமதியை மறுத்தாக வேண்டும். நல்ல சட்டம். ஆனால் ஏற்கெனவே ஓடும் உலை உரிமத்தைப் புதுப்பிக்க வந்தால் நிபந்தனைதான் போட முடியும், மறுக்க முடியாது.

ஒன்றரை மாதம் கழித்து, நவம்பர் 4-ல், அதே ஆளுநர் பிளாஸ்டிக் பைக்கும் தெர்மாகோல் பெட்டிக்கும் தடை போட்ட சட்டத்தில் கையெழுத்திட்டார். 2022 மே 4 முதல் அது நடப்பில் இருக்கிறது. அந்தத் தடையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். கடற்கரையும் ஓடைகளும் சுத்தமாக வேண்டாமா? ஆனால் கடைக்காரர் எந்தப் பெட்டியில் கட்ட வேண்டும் என்பதோடு அது நின்றுவிட்டது. பெட்டி அவர் கையைவிட்டுப் போன பிறகு என்ன ஆகிறது, யார் வீட்டு ஜன்னலுக்கு எதிரே எரிகிறது என்பதை யோசித்தவர்கள் முந்தைய சட்டத்தை எழுதியவர்கள். இரண்டும் ஒரே ஆளுநரின் கையால் கையெழுத்தாகியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

இந்தத் தடையை வைத்து இனச் சமத்துவம் என்று பேச்சு வந்தால், நம்மைப் போன்ற சிறுபான்மையினர் நடத்தும் சிறு கடைகளுக்குச் செலவு கூடுகிறதே என்பதோடு முடித்துக்கொள்கிறோம். அதுவும் உண்மைதான், அந்த அண்ணனின் கணக்கு நோட்டைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் கூடுதலாகக் கொடுக்கும் காசு அயர்ன்பவுண்டுக் குழந்தைக்கு ஒரு மூச்சு நல்ல காற்றைக்கூட வாங்கித் தரவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

அடுத்த கவுண்டிக் கூட்டத்துக்குப் போகிறேன். சிறு கடைகளின் உணவுக் கழிவையும் மக்கும் பெட்டியையும் தனியாக எடுக்க வண்டி எப்போது வரும், உலைக்குப் போகும் டன் எந்த ஆண்டிலிருந்து குறையும் என்று கேட்கப் போகிறேன். அண்ணனும் கடையை ஒரு மணி நேரம் சாத்திவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். எசெக்ஸில் இருக்கும் நண்பர்கள் உடன் வர முடிந்தால் இங்கேயே சொல்லுங்கள்.