கத்ரீனா வெள்ளப் படங்கள்: இரண்டு வாசகங்களையும் எழுதியது ஒரே நிறுவனமா?

2005 கத்ரீனா புயலில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியபோது எடுத்த இரண்டு படங்களை ஒட்டிவைத்து, ‘ஒரே செய்தி நிறுவனம், கறுப்பின இளைஞர் என்றால் கொள்ளையடித்தார், வெள்ளையர் என்றால் கண்டெடுத்தார் என்று எழுதியது’ என இன்னமும் பகிர்கிறார்கள்.

படங்களுக்குக் கீழே இருந்த அந்த வாசகங்கள் உண்மைதான். ‘ஒரே நிறுவனம்’ என்பதுதான் தப்பு.

நெஞ்சளவு தண்ணீரில் குளிர்பானப் பெட்டியோடு வரும் இளைஞரின் படம் அசோசியேட்டட் பிரஸ் (ஏபி) செய்தி நிறுவனத்துடையது. ரொட்டியும் சோடாவுமாக வரும் ஜோடியின் படம் கெட்டி இமேஜஸ் என்ற பட நிறுவனத்துக்காக கிறிஸ் கிரேதன் எடுத்து, ஏஎஃப்பி என்ற பிரெஞ்சு செய்தி நிறுவனம் வழியாக வந்தது. யாஹூ நியூஸ் இணையதளம் இரண்டையும் வந்த வாசகத்தோடு அப்படியே போட்டது, அவ்வளவுதான். அந்த இளைஞர் கடைக்குள் போய்ப் பொருளோடு வெளியே வந்ததைத் தங்கள் புகைப்படக்காரர் பார்த்தார் என்றது ஏபி; கடையிலிருந்து மிதந்து வந்ததைத்தான் அந்த இருவரும் எடுத்தார்கள் என்றார் கிரேதன். சர்ச்சை முற்றியதும் ஏஎஃப்பி கேட்டுக்கொண்டபடி யாஹூ அந்த ஜோடி படத்தை நீக்கிவிட்டது.

சரி, அப்போ பாகுபாடே இல்லையா என்றால், அதை இந்த இரண்டு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அந்த ஊரின் சூப்பர்டோம் விளையாட்டரங்கில் அடைக்கலம் புகுந்தவர்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள், கொலையும் பாலியல் வன்முறையுமாக வெறியாடுகிறார்கள் என்று அதே வாரம் ஊடகங்கள் அலறினவே, அதில் பெரும்பகுதி வதந்தி என்று அந்த ஊரின் டைம்ஸ் பிக்கயூன் பத்திரிகையே அடுத்த மாதம் எழுதியது. பகிர வேண்டுமானால் அதைப் பகிருங்கள்.