ஒரு லேப்டாப்பும் மூணு பண்டிதர்களும்
சிங்கப்பூர் தேக்கா சந்தையில தே தாரிக் குடிக்கப் போன இடத்துல வாய் சும்மா இருந்திருக்கணும். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சு போச்சு. என் லேப்டாப் 2016 மாடல். பிராசசர் பழசு, விண்டோஸ் 11 ஏறாது. என்ன செய்யலாம்னுதான் கேட்டேன்.

"விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போடு லா, அது இலவசம்"ன்னார் ஒருத்தர். எந்த லினக்ஸ்னு இன்னொருத்தர் கிளம்ப, உபுண்டுவா மின்ட்டான்னு குழாயடிச் சண்டை. மேக் வச்சிருக்கிற அண்ணன் மட்டும் எங்களை ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவங்களைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அந்த நேரத்துக்கு கம்ப்யூட்டர் கடைங்க இருக்கிற சிம் லிம் ஸ்கொயருக்கு நடந்தே போயிட்டு வந்திருப்பேன்.

எனக்குத் தேவை ரெண்டு எக்செல் ஃபைல், மகளோட வீட்டுப்பாடம். என் பழைய பிரிண்டர் லினக்ஸ்ல ஓடுமான்னு கேட்டேன். ஒருத்தரும் வாயைத் திறக்கல. பிராட்டா ஆறி ரப்பராச்சு. காசு? நான்தான் குடுத்தேன்.