12345678987654321 பகா எண் அன்று

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பகுதிகளில் போட்டித் தேர்வுக்குப் படிப்போரின் வாட்ஸ்அப் குழுக்களில், 12345678987654321 ஒரு பகா எண் என்ற செய்தி சுற்றி வருகிறது. இது தவறு. இதன் இலக்கங்களின் கூடுதல் 81. கூடுதல் 9 ஆல் வகுபட்டால் எண்ணும் 9 ஆல் வகுபடும் என்ற பள்ளிக்கூட விதியே இச்செய்தியை மறுக்கப் போதும்.

உண்மையில் இது அதைவிட அழகான எண், 111111111 இன் வர்க்கம். தாளில் பெருக்கிப் பார்த்தால், ஒவ்வொரு வரியும் ஓர் இடம் தள்ளி அமைய, நடு நிரலில் ஒன்பது ஒன்றுகள் சேர்ந்து 9 ஆகின்றன. எந்த நிரலின் கூடுதலும் 9 ஐத் தாண்டாததால் அடுத்த இடத்துக்கு எதுவும் ஏறுவதில்லை, அதனால்தான் இலக்கங்கள் படிப்படியாக ஏறி இறங்குகின்றன. பத்து ஒன்றுகளை எடுத்துக்கொண்டால் அந்த ஒழுங்கு குலைந்து 1234567900987654321 கிடைக்கும். 111111111 = 3² × 37 × 333667 என்பதால், நமது எண் 3⁴ × 37² × 333667²; அதற்கு 45 வகுத்திகள் உண்டு.

பகா எண்ணாக இருப்பது வேறொன்று: 1 முதல் 10 வரை ஏறி, மீண்டும் 1 வரை இறங்கி எழுதும் 20 இலக்க எண்ணாகிய 12345678910987654321. அதைப் பகிரும்போது யாரோ 10 வரை ஏறாமல் 9 இலிருந்தே இறங்கிவிட்டதால் இப்பிழை பிறந்திருக்கலாம் என்று கருதுகிறேன்.